விருப்பமா, தெரிவுரிமையா?

பங்கு வாணிகத்தில் ‘ஆப்ஷன்’ என்று வழங்கப்படும் ஒப்பந்தத்தைத் தொடக்க நிலையினர்க்கு விளக்குவதாகக் கூறும் தமிழ் எழுத்துகள் இப்பொழுது மிகுந்து வருகின்றன. நூலாக வருவன சில. வகுப்புக் குறிப்பாகவும் துண்டு வெளியீடாகவும் வருவன பல. ஆங்கிலத்திலிருந்து இயந்திரம் பெயர்த்துத் தள்ளுவன அவற்றினும் பல. இவற்றுட் பெரும்பாலனவற்றில் ‘ஆப்ஷன்’ என்பது ‘விருப்பம்’ என்றே நிற்கின்றது. ‘பங்கு விருப்பம்’, ‘விருப்ப ஒப்பந்தம்’ என்று அது கிளைத்தும் விட்டது. இச்சொல் பொருந்துமா, இவ்விளக்கங்கள் கற்பிக்க வேண்டியதைக் கற்பிக்கின்றனவா என்னும் இரண்டையும் ஈண்டு ஆராய்வோம்.

தமிழாசிரியர்க்குப் பங்குச் சந்தையில் என்ன வேலை என்று அன்பர் சிலர் வினவக்கூடும். வேலை உண்டு. பணி ஓய்வு பெறும் ஆசிரியர் கையில் பணிக்கொடை ஒரே நாளில் வந்து சேர்கின்றது. செனாய், கூலாய் வட்டாரத் தொழிற்சாலைகளில் பணிபுரியும் நம் பழைய மாணவர் சிலர்க்குச் சம்பளத்தோடு ‘பங்கு விருப்பம்’ வழங்குவதாகக் கடிதம் வருகின்றது. கைப்பேசியை நான்கு முறை தட்டினால் வெளிநாட்டுச் சந்தையிலும் இவ்வொப்பந்தத்தை வாங்கலாம் என்னும் நிலையும் ஏற்பட்டுவிட்டது. ஐயம் தோன்றும்பொழுது இவர்கள் நாடுவது தம் மொழியிலுள்ள விளக்கத்தையே. அங்கே சொல் தவறினால் அது மொழிப் பிழையோடு நில்லாது. சேமிப்பும் உடன் போகும்.

முதலில் பொருளைப் பார்ப்போம். ஒரு நிறுவனத்தின் பங்கு இன்று 10 வெள்ளிக்கு விற்கின்றது. அப்பங்கில் 1,000-ஐ, இன்றிலிருந்து மூன்று மாதத்திற்குள், சந்தை விலை எதுவாயினும் 10 வெள்ளிக்கே வாங்கிக்கொள்ளும் உரிமையை ஒருவர் மற்றொருவரிடம் விலைக்கு வாங்குகிறார். உரிமையின் விலை பங்கொன்றுக்கு 50 காசு. ஆக 500 வெள்ளி. இந்த 500 வெள்ளி பங்கின் விலையில் ஒரு பகுதியன்று. உரிமைக்கே உரிய தனி விலை. பங்கு 12 வெள்ளிக்கு ஏறுமாயின், அவர் 10 வெள்ளிக்கு வாங்கி 12 வெள்ளிக்கு விற்கலாம்; வரவு 2,000; உரிமை விலையைக் கழித்தால் 1,500 வெள்ளி இலாபம். பங்கு 9 வெள்ளிக்கு இறங்குமாயின் அவர் வாங்காது விட்டுவிடுவார். 500 வெள்ளி போயிற்று. பங்கு 10 வெள்ளி 30 காசில் நின்றால் என்ன ஆகும்? இங்கேதான் தொடக்க நிலையினர் தடுமாறுவர். உரிமையைப் பயன்படுத்துவது நன்று. 300 வெள்ளி கிடைக்கும். ஆயினும் 500 கொடுத்து 300 பெற்றமையால் 200 வெள்ளி நட்டமே. விலை ஏறும் என்று அவர் நினைத்தார், அது ஏறவும் ஏறிற்று, பணமோ குறைந்தது. 10 வெள்ளி 50 காசைக் கடந்தால்தான் அவர்க்கு ஊதியம் தொடங்கும். இவ்வொரு கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டாத விளக்கம், எத்துணைப் பக்கம் நீண்டாலும், விளக்கம் ஆகாது.

இனி, மறுபக்கத்தில் இருப்பவரைக் காண்போம். அவர் 500 வெள்ளி பெற்றுக்கொண்டார். பங்கு 9 வெள்ளிக்கு இறங்கினால் அப்பணம் அவர்க்கே. பங்கு 15 வெள்ளிக்கு ஏறினாலோ, 15 வெள்ளிப் பங்கை அவர் 10 வெள்ளிக்குக் கொடுத்தாக வேண்டும். கைவசம் பங்கு இல்லையாயின் சந்தையில் 15-க்கு வாங்கி 10-க்குக் கொடுக்க வேண்டும், 5,000 நட்டம், பெற்ற 500-ஐக் கழித்தால் 4,500. ஏற்றத்திற்கு எல்லை இல்லாமையால் அவருடைய நட்டத்திற்கும் எல்லை இல்லை. “எனக்கு இப்பொழுது விருப்பம் இல்லை” என்று அவர் சொல்ல முடியாது. அவர் தம் விருப்பத்தை மூன்று மாதத்திற்கு முன்பே 500 வெள்ளிக்கு விற்றுவிட்டார்.

இதன் மறுதலையும் ஒன்றுண்டு. குறித்த விலைக்கு வாங்கும் உரிமை போலவே, குறித்த விலைக்கு விற்கும் உரிமையும் விற்கப்படுகின்றது. பங்கை வைத்திருப்பவர் அது 7 வெள்ளிக்கு வீழ்ந்தாலும் 10 வெள்ளிக்கே தள்ளிவிடலாம். இது காப்புறுதியை ஒத்தது; வாங்கினோர்க்கு வீழ்ச்சியில் அடைக்கலம் தருவது.

இத்தகைய பொருளுக்கு ‘விருப்பம்’ என்னும் பெயர் ஒட்டுமா? விருப்பம் என்பது மனத்தின் நிலை. அதற்கு விலை இல்லை. முதிர்வு நாள் இல்லை. ஒருவர் விருப்பத்தால் பிறிதொருவர் கட்டுண்டு நிற்பதும் இல்லை. பள்ளியில் ‘விருப்பப் பாடம்’ என்கிறோம். மாணவன் வேண்டினால் படிப்பான், வேண்டாவிடின் விடுவான், எவர்க்கும் நட்டமில்லை. இச்சொல்லைக் கேட்டுப் பழகிய தமிழன் ‘பங்கு விருப்பம்’ என்று கண்டவுடன், வேண்டினால் வாங்கலாம், வேண்டாவிடின் விடலாம், கவலையில்லை என்றே கொள்வான். வாங்குபவர் அளவில் இது பாதி உண்மை. விற்பவர் அளவில் முழுப் பொய்.

மலேசியாவில் குழப்பத்திற்கு மற்றொரு காரணமும் உண்டு. அரசாங்கப் பள்ளி ஆசிரியர்க்கு ‘ஒப்சியன்’ என்னும் சொல் புதிதன்று. 1992-இல் புதிய ஊதிய முறை வந்தபொழுதும், 2002-இல் அது மாறியபொழுதும், 2024 டிசம்பரில் இப்போதைய அரசுச் சேவை ஊதிய முறை நடைமுறைக்கு வந்தபொழுதும் நமக்கு ஒப்சியன் பாரம் தரப்பட்டது. ஏற்கிறேன், ஏற்கவில்லை என்று குறித்துக் கையெழுத்திட்டோம். அதற்கு நாம் எந்த விலையும் கொடுக்கவில்லை. கையெழுத்து இட்டபின் மாற்றவும் முடியாது. பங்குச் சந்தை ஒப்சியனோ விலை கொடுத்துப் பெறுவது. கடைசி நாள் வரையில் முடிவை ஒத்திப்போட இடந்தருவது. நடுவே மூன்றாமவர்க்கு விற்றுவிடவும் கூடியது. ஒன்று முடிவைக் கேட்கின்றது. மற்றொன்று முடிவைத் தள்ளிப்போடும் வசதியை விற்கின்றது. பெயரொன்றாய் இருப்பினும் இரண்டும் ஏறத்தாழ எதிர்மாறானவை. ஆசிரியர் ஓய்வறையில் இவ்விரண்டையும் ஒன்றென்றே எண்ணிப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன்.

மொழிபெயர்த்தோர் மீது முழுப்பழியையும் சுமத்துதல் முறையன்று. விருப்பம் என்னும் கருத்து அவர்கள் புதிதாய் நுழைத்ததன்று. இத்தொழிலைப் பற்றிய மிகப் பழைய நூலிலேயே அது இருக்கின்றது. 1688-இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் யோசேப்பு டி லா வேகா என்பவர் ஸ்பானிய மொழியில் ஒரு நூல் வெளியிட்டார். குழப்பங்களுள் குழப்பம் என்று பொருள்படும் பெயருடையது அது. தத்துவ ஞானி ஒருவர், வணிகர் ஒருவர், பங்கு வாணிகர் ஒருவர் ஆகிய மூவர் உரையாடுவதாக அமைந்தது. பங்குச் சந்தையைப் பற்றி எழுந்த முதல் நூல் என்று போற்றப்படுவது. அதில் பங்கு வாணிகர், ஆலந்துக்காரர் ‘ஒப்சி’ என்று வழங்கும் ஒப்பந்தத்தை விளக்குகையில் சொல்லாராய்ச்சியிலும் இறங்குகிறார். தெரிந்தெடுத்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லே இதற்கு மூலம் என்றும், அதுவும் விரும்புதலையும் தெரிதலையும் ஒருங்கே குறிக்கும் வினையடியாகப் பிறந்தது என்றும் காட்டுகிறார். ஆதலின் இலத்தீன் வேரில் விருப்பமும் தெரிவும் இரண்டும் உண்டு. நம்மவர் இரண்டனுள் பொருந்தாததை எடுத்துக்கொண்டனர், அவ்வளவே.

அந்நூலில் பேசப்படும் பங்குகள் எந்த நிறுவனத்தின் பங்குகள் என்பது நமக்குச் சுவையான செய்தி. 1602-இல் அமைந்த ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கும்பெனியின் பங்குகள் அவை. 1641-இல் ஜொகூர்ப் படையின் துணையோடு மலாக்காவைப் போர்த்துக்கீசரிடமிருந்து கைப்பற்றியதும், 1658-இல் நாகப்பட்டினத்தைக் கைப்பற்றியதும் அக்கும்பெனியே. நம் முன்னோர் வாழ்ந்த கரையிலும் நாம் வாழும் கரையிலும் கோட்டை கட்டி ஆண்ட கும்பெனியின் பங்கு மேல் எழுந்த ஒப்பந்தத்திற்குத்தான் இன்று நாம் தமிழ்ப் பெயர் தேடுகின்றோம்.

‘தெரிவு’ என்னும் சொல்லோ நம்மிடம் அணியமாகவே உள்ளது. திருக்குறளில் தெரிந்து செயல்வகை, தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என மூன்று அதிகாரங்கள் இவ்வினையால் பெயர் பெற்றன. மூன்றிடத்தும் அது ஆராய்ந்து தேர்தலைக் குறிக்கின்றதேயன்றி ஆசையைக் குறிக்கவில்லை. வரப்போகும் ஆக்கத்தை எண்ணி இருக்கும் முதலை இழக்கும் செயலை அறிவுடையோர் மேற்கொள்ளார் என்னும் கருத்தும் இவற்றுள் முதலதிகாரத்திலேயே வருகின்றது என்பது நம் பொருளுக்கு நெருங்கிய செய்தி. இலங்கைத் தமிழர் இன்றும் தேர்ந்தெடுத்தலைத் தெரிவு என்றே நாள்தோறும் வழங்குகின்றனர். எனினும் தெரிவு என்பது மட்டும் போதாது. உரிமை என்பதும் சேர வேண்டும். ஏனெனில், உரிமை என்று சொன்னவுடன் அதற்குக் கடமைப்பட்டவர் யார் என்னும் வினா தானே எழும். விருப்பம் என்றால் அவ்வினா எழுவதில்லை. ஆகவே ‘தெரிவுரிமை’ என்பதே என் பரிந்துரை. ‘விருப்புரிமை’ என்பாரும் உளர், அது ‘விருப்ப’த்தினும் மேலானது, ஐயமில்லை, ஆயினும் நோயாளிக்கு மருந்தை அரைப்பங்கு கொடுப்பது போன்றது.

இனி விளக்கங்களின் தன்மைக்கு வருவோம். ஏறத்தாழ எல்லாரும் எடுத்தாளும் உவமை ஒன்றுண்டு. நிலம் வாங்குகையில் அச்சாரம் கொடுப்பது போன்றதே தெரிவுரிமை என்பது அது. நிலம் 1,00,000, அச்சாரம் 5,000, விலை ஏறினால் வாங்கு, இறங்கினால் அச்சாரத்தை விட்டுவிடு என்று எழுதுவர். கேட்க எளிதாய் இருக்கின்றது. ஆனால் நம்மவர் அறிந்த அச்சாரம் அவ்வாறு நடப்பதில்லை. அச்சாரம் விலையில் கழியும். உரிமை விலை கழியாது. மேற்காட்டிய 10 வெள்ளி 30 காசுக் கணக்கில் மாணவன் இடறி விழுவதற்கு இவ்வுவமையே காரணம். 500 வெள்ளி பங்கு விலையில் கழிந்துவிட்டதாக அவன் எண்ணிக்கொள்கிறான். மேலும், அச்சாரம் இருவரையும் கட்டுவது. கொடுத்தவர் வாங்கவே கருதிக் கொடுக்கிறார். வாங்காது விடுதல் சொல் தவறுதல் என ஊரார் இகழ்வர். தெரிவுரிமையிலோ வாங்காது விடுதல் ஒப்பந்தத்தின்படியே நடப்பது. அதில் இகழ்ச்சி இல்லை.

நிலத்தையே உவமையாக்க வேண்டுமாயின் நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரில் நடப்பதைக் காட்டலாம். அங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டை ஒருவர் மற்றொருவரிடம் மறுவிற்பனையில் வாங்குகையில், முதற்கண் தெரிவுரிமைப் பத்திரம் ஒன்றைப் பெறுகிறார். அதற்கு 1 வெள்ளிக்குக் குறையாமலும் 1,000 வெள்ளிக்கு மேற்படாமலும் இருவரும் ஒத்த ஒரு தொகையைக் கொடுக்கிறார். 21 நாள் அவகாசம். அந்நாள்களில் வீட்டுக்காரர் வேறொருவர்க்கு விற்கக் கூடாது. வாங்குபவரோ வாங்கலாம், வாங்காது விட்டால் கொடுத்த தொகை போய்விடும், வேறு தண்டமில்லை. ஜொகூரிலிருந்து பாலம் கடந்து பணிக்குச் செல்லும் நம்மவர்க்குக் கேட்டுப் பழகிய செய்தி இது. இங்கே ஒருவர் கட்டுண்டார், மற்றவர் கட்டுண்டிலர் என்பது தெள்ளத் தெளியும். வாங்கும்பொழுது அத்தொகை விலையிலே சேர்ந்துவிடும் என்னும் ஒரு வேறுபாட்டை மட்டும் ஆசிரியர் எடுத்துச் சொல்லிவிட வேண்டும்.

விற்கும் உரிமைக்குத் தமிழ்நாட்டு உழவர் அறிந்த உவமை இருக்கின்றது. இந்திய அரசு நெல்லுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலையை அறிவிக்கின்றது. வெளிச்சந்தையில் மிகுந்த விலை கிடைத்தால் உழவர் அங்கே விற்கலாம். விலை வீழ்ந்தால் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஆதரவு விலைக்குப் போடலாம். விற்றே ஆகவேண்டும் என்னும் கட்டாயம் அவர்க்கில்லை. விலை கொடாது பெற்ற விற்புரிமை இது என்று முதற்பார்வையில் தோன்றும். ஆயின் 2020-இலும் 2024-இலும் இந்திய உழவர் கிளர்ந்தெழுந்து, இவ்விலைக்குச் சட்டப்படியான உறுதி வேண்டும் என்று கேட்டது ஏன்? அறிவிப்பு இருக்கின்றது, அவ்விலைக்கு வாங்கியே தீரவேண்டும் என்று எவரையும் சட்டம் கட்டவில்லை. கட்டுண்டவர் இல்லாத இடத்தில் உரிமையும் இல்லை என்பதை அவ்வுழவர் எந்தப் பங்கு நூலும் படியாமலே அறிந்திருந்தனர். தொடக்க நிலையினர்க்கு எழுதுவோர் மறைத்துவிடும் மறுபக்கம் இதுவே.

இயந்திரப் பெயர்ப்புகளைப் பற்றிச் சில சொல். இவ்வொப்பந்தத்தில் குறித்த விலையை ஆங்கிலத்தில் ‘ஸ்டிரைக்’ விலை என்பர். இயந்திரம் அதனை ‘வேலைநிறுத்த விலை’ என்று பெயர்க்கின்றது. தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளாகிய நமக்கு வேலைநிறுத்தத்தின் விலை என்னவென்று தெரியும். அது பங்குச் சந்தையில் இல்லை. உரிமையைப் பயன்படுத்தும் விலை ‘உடற்பயிற்சி விலை’ ஆகின்றது. உரிமையை விற்பவரை ஆங்கிலத்தில் எழுதுபவர் என்னும் பொருளில் வழங்குவதால் அவர் ‘விருப்ப எழுத்தாளர்’ ஆகிவிடுகிறார். நகைத்துவிட்டுப் போகலாம் என்றால், இவற்றையே மனிதர் கையாண்டு நூலிலும் சேர்க்கத் தொடங்கிவிட்டனர். வாங்கும் உரிமையை ‘அழைப்பு விருப்பம்’ என்று எழுதுவது பலரிடம் பழக்கமாகிவிட்டது. யாரை யார் எதற்கு அழைக்கிறார் என்று கேட்டால் விடை கூறுவாரில்லை.

சொல்லை விட்டுச் செய்திக்கு வந்தால் அங்கே ஒரு பெருங்குறை காணப்படுகின்றது. “இலாபத்திற்கு எல்லையில்லை, நட்டமோ கொடுத்த சிறு தொகை மட்டுமே” என்பதைத் தொடக்க விளக்கங்கள் மந்திரம் போல் ஓதுகின்றன. வாங்குபவர் பக்கத்தில், வாங்கும் உரிமைக்கு, ஓர் ஒப்பந்தத்திற்கு, இக்கூற்று மெய்யே. மெய்யான கூற்றைக் கொண்டும் பிறரை மயக்கலாம் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. சிறு தொகை என்பது, போட்ட பணம் முழுதும் என்பதற்கு மறுபெயர். 10,000 வெள்ளிக்குப் பங்கே வாங்கியவர், விலை 9 வெள்ளி 80 காசுக்கு இறங்கினால் 200 வெள்ளி இழந்தார். பங்கு கையில் இருக்கின்றது. அடுத்த ஆண்டு ஏறினும் ஏறும். உரிமை வாங்கியவர்க்கோ முதிர்வு நாளன்று 500-ம் போயிற்று, காத்திருக்க ஒன்றுமில்லை. மாதந்தோறும் இவ்வாறு ‘சிறு தொகை’ போனால் ஆண்டுக்கு என்ன ஆகும் என்பதைக் கணக்கு ஆசிரியர் சொல்லட்டும்.

இந்தியாவில் இதற்குக் கணக்கே எடுத்திருக்கின்றனர். அங்கே பங்குக் குறியீட்டுத் தெரிவுரிமைகள் 2001 ஜூனிலும் தனிப்பங்குத் தெரிவுரிமைகள் அடுத்த மாதத்திலும் தொடங்கின. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் வாரியமாகிய செபி 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2021–22 முதல் 2023–24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், முன்பேரத்திலும் தெரிவுரிமையிலும் ஈடுபட்ட தனியாட்கள் ஒரு கோடிக்கு மேற்பட்டோரில் 100-க்கு 93 பேர் நட்டமடைந்தனர். அவர்தம் மொத்த நட்டம் 1,80,000 கோடி ரூபாய்க்கு மேல்; செலவு உட்பட ஆளொன்றுக்குச் சராசரி 2 இலட்சம் ரூபாய் அளவில். இப்பணம் காற்றில் கரைந்ததா? இல்லை. அதே ஆய்வு மறுபக்கத்தையும் காட்டுகின்றது. 2023–24-இல் மட்டும், தம் சொந்தப் பணத்தில் வாணிகம் செய்யும் நிறுவனங்கள் ஏறத்தாழ 33,000 கோடியும், வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்கள் ஏறத்தாழ 28,000 கோடியும், செலவு நீக்காக் கணக்கில், ஈட்டின. அவற்றின் ஊதியத்திற் பெரும்பகுதி கணினி நிரல்கள் தாமே நடத்திய வாணிகத்தால் வந்தது. எதிரில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதைச் சொல்லாமல் சதுரங்கம் கற்பிக்கலாமா? 2024 நவம்பர் முதல் செபி ஒப்பந்தத்தின் குறைந்த அளவை 15 இலட்சம் ரூபாய்க்கு உயர்த்தியதும், வார முதிர்வு ஒப்பந்தங்களைச் சந்தைக்கு ஒரு குறியீடு எனக் குறைத்ததும் இவ்வாய்வைத் தொடர்ந்தேயாம்.

அப்படியாயின் விற்பவராய் இருப்பதே மேல் என்று சிலர் அடுத்த பாடத்தைத் தொடங்குகின்றனர். ஊதியம் மாதச் சம்பளம் போல் வரும் என்பது அவர் வாக்கு. இதற்கு விடை ஜொகூர் நீரிணையின் மறுகரையிலேயே கிடைத்தது. 1762-இல் தொடங்கிய பேரிங்ஸ் என்னும் இலண்டன் வங்கியின் சிங்கப்பூர்க் கிளையில் பணிபுரிந்த நிக் லீசன் என்பவர், 88888 என்னும் எண்ணுடைய கணக்கில் தம் நட்டங்களை மறைத்து வந்தார். ஜப்பானின் நிக்கேய் குறியீட்டின் மேல் வாங்கும் உரிமை, விற்கும் உரிமை இரண்டையும் விற்று, அவ்விலைப் பணத்தைக் கொண்டு ஓட்டையை அடைத்தார். குறியீடு அசையாதிருந்தால் இரண்டு விலையும் அவர்க்கே; பெரிதாய் அசைந்தால், எப்பக்கம் அசைந்தாலும், நட்டம். 1995 ஜனவரி 17-இல் கோபே நகரில் நிலநடுக்கம் நேர்ந்தது. குறியீடு வீழ்ந்தது. அதனைத் தாங்கி நிறுத்தும் முயற்சியில் முன்பேர ஒப்பந்தங்களை மேன்மேலும் வாங்கிப் பெருநட்டத்தைப் பின்னும் பெருக்கினார். பிப்ரவரி இறுதியில் 82 கோடி 70 இலட்சம் பவுன் நட்டத்தோடு வங்கி கவிழ்ந்தது. ஒரே ஒரு பவுனுக்கு ஆலந்து நிறுவனம் ஒன்றிற்கு விற்கப்பட்டது. நில நடுக்கம் வரும் என்று எவரும் அறியார். அறியப்படாதவற்றின் சுமையைத்தான் விற்பவர் 500 வெள்ளிக்கு ஏற்றுக்கொள்கிறார்.

காலம் என்னும் ஒன்றும் இங்கே விற்பனைப் பொருள். தோட்டத்தில் காலையில் எடுத்த பாலை வெயில் ஏறுமுன் ஸ்டோருக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். நேரம் போகப் போகப் பால் உறைந்து மதிப்புக் குறையும். தெரிவுரிமையின் விலையும் அவ்வாறே நாள்தோறும் தேய்வது. முதிர்வு நாள் நெருங்க நெருங்கத் தேய்வு விரையும். உறைந்த பாலுக்காவது ஒரு விலை உண்டு. முதிர்வு நாளில் பயனற்று நிற்கும் உரிமைக்கு ஒரு காசும் இல்லை. 1973-இல் பிளாக், ஷோல்சு என்னும் இருவர் இவ்விலையைக் கணிக்கும் சூத்திரத்தை வெளியிட்டனர். அதே ஆண்டு ஏப்ரல் 26-இல் சிகாகோவில் தெரிவுரிமைக்கெனத் தனிச் சந்தை 16 நிறுவனப் பங்குகளோடு திறக்கப்பட்டது. அச்சூத்திரத்தில் பங்கின் இன்றைய விலை, குறித்த விலை, எஞ்சிய காலம், வட்டி, விலை அலைவு ஆகிய ஐந்துமே இடம்பெறுகின்றன. பங்கு ஏறும் என்று வாங்குபவர் எவ்வளவு விரும்பினாலும் அதற்கு அங்கே ஓர் எழுத்தும் ஒதுக்கப்படவில்லை. விருப்பம் என்னும் பெயருக்கு இதைவிடக் கடிய மறுப்பு வேண்டியதில்லை.

தொழிற்சாலைப் பணியாளர்க்குத் தரப்படும் உரிமை இவற்றினின்றும் வேறு. பழைய மாணவர் ஒருவர் கடிதத்தோடு வந்தார். 2,000 பங்குகளைப் பங்கொன்று 3 வெள்ளிக்கு வாங்கும் ‘விருப்பம்’, மூன்றாண்டிற்குப் பின் பயன்படுத்தலாம் என்றிருந்தது. உடனே 6,000 வெள்ளி கட்ட வேண்டுமோ, கட்டாவிடின் மேலாளர் தமக்கு நிறுவனத்தின் மேல் விருப்பமில்லை என்று எண்ணுவாரோ என்பது அவர் அச்சம். படித்த பிள்ளைதான், சொல் செய்த வேலை அது. இவ்வுரிமைக்கு அவர் விலை ஏதும் கொடுக்க வேண்டியதில்லை. மூன்றாண்டிற்குப் பின் பங்கு 5 வெள்ளி விற்றால் 3 வெள்ளிக்கு வாங்கலாம். 2 வெள்ளி விற்றால் வாளா இருக்கலாம். பொதுவாக இதனைப் பிறர்க்கு விற்க முடியாது; பணியை விட்டு விலகினால் பெரும்பாலும் உரிமையும் விலகும்; வாங்கும்பொழுது கிடைக்கும் விலை வேறுபாடு மலேசியாவில் சம்பள வருமானத்தோடு சேர்த்து வரிக்கு உட்படும். இத்துணையும் அறிந்துகொள்ள அவர்க்குக் கால்மணி நேரம் போதுமானதாயிருந்தது.

வகைப் பெயர்கள் எஞ்சியுள்ளன. பட்டினப்பாலை வணிகரைப் போற்றுமிடத்தில் வாங்குதலைக் ‘கொள்’ என்னும் வினையாலும் விற்றலைக் ‘கொடு’ என்னும் வினையாலும் குறிக்கின்றது. கொள்முதல், கொள்வனவு என்பன இன்றும் வழங்குதலால் வாங்கும் உரிமையைக் ‘கொள்ளுரிமை’ என்னலாம். ‘கொடு’ என்பது இந்நாளில் இலவசமாகத் தருதலையே பெரிதும் நினைப்பூட்டுவதால், மற்றதனைக் ‘கொடுப்புரிமை’ என்னாது ‘விற்புரிமை’ என்பதே தெளிவு. ‘பிரீமிய’த்திற்கு ‘உரிமை விலை’ என்பதும், வேலைநிறுத்த விலைக்கு ‘குறித்த விலை’ என்பதும் போதும். 2000 டிசம்பர் முதல் கோலாலம்பூர்க் குறியீட்டிற்கும், 2012 முதல் செம்பனை எண்ணெய் முன்பேரத்திற்கும் தெரிவுரிமைகள் இந்நாட்டில் உள்ளன. தனிப் பங்குகளுக்கோ முதலீட்டு வங்கிகள் வெளியிடும் ‘வாரண்டு’களே பழக்கம், அவற்றை நம்மவர் வாங்கலாம், தாமே ஆக்கி விற்க முடியாது. ‘வாரண்டு வாங்கினேன்’ என்று தோட்டத்தில் ஒருவர் சொன்னால் போலீசார் எப்பொழுது வந்தனர் என்று கேட்பர். அதனையும் ‘உரிமைச் சீட்டு’ என்று மாற்றுதல் நலம்.

உரிமையை விற்றுக் கட்டுண்டு நிற்பவர்க்குத்தான் நல்ல பெயர் அமையவில்லை. ‘விற்றவர்’ என்றால் விற்றவுடன் அவர் வேலை முடிந்ததாகத் தோன்றுகின்றது. உண்மையில் அப்பொழுதுதான் தொடங்குகின்றது. ‘கடப்பாட்டாளர்’ என்பது பொருந்துகின்றது. ஆயின் நாவில் எளிதாய் ஏறவில்லை. ‘பிணையாளர்’ என்பது நீதிமன்றத்தில் வேறு பொருளுக்கு உரிமையாகிவிட்டது. இதனினும் செவ்விய சொல் தோன்றும் அன்பர்கள் இப்பகுதிக்கு எழுதுக.